பெடல் பெட்டியில் ஓட்டை போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் எஃபெக்ட் பெடலைச் சொந்தமாகச் செய்கிறவர்கள் பலரும் சர்க்யூட்டை முடித்து, சத்தம் வருகிறதா என்று பார்த்து மகிழ்ந்துவிட்டு, பெட்டியைக் கையில் எடுத்ததும் தயங்குவார்கள். சாலிடரிங்கில் தவறினால் உருக்கி எடுத்துவிடலாம். உலோகத்தில் போட்ட ஓட்டையைத் திரும்ப எடுக்க முடியாது. அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் இந்தப் பக்கம். பெட்டி வேலையில் முக்கால்வாசி அளப்பதும் குறிப்பதும்தான். அதை நிதானமாகச் செய்தால் டிரில் பிடிக்கும் வேலை சீக்கிரமே முடிந்துவிடும்.

எந்தப் பெட்டியை வாங்குவது?

பெடல்களுக்கு வழக்கமாகப் பயன்படுவது வார்ப்பு அலுமினியப் பெட்டி. காலால் ஓங்கி மிதித்தாலும் தாங்கும், வெளி மின்காந்த இரைச்சலைத் தடுக்கும், துளைக்கவும் எளிது. ஹாமண்ட் நிறுவனத்தின் எண்களே இந்தப் பெட்டிகளுக்குப் பொதுப்பெயர் போல ஆகிவிட்டன. 1590பி என்பது சுமார் 112 × 60 × 31 மி.மீ. அதைவிடச் சற்று உயரமானது 125பி (இது மற்ற தயாரிப்பாளர்களின் எண்; ஹாமண்டில் இதற்கு இணையானது 1590என்1), சுமார் 122 × 66 × 39 மி.மீ. அகலம் வேண்டுமென்றால் 1590பிபி, சுமார் 120 × 94 × 34 மி.மீ.

முதல் பெடல் என்றால் 125பி வாங்குங்கள். உயரத்தில் கூடுதலாகக் கிடைக்கும் அந்த எட்டு மி.மீ.தான் ஜாக்குகளுக்கும் சர்க்யூட் போர்டுக்கும் மூச்சுவிட இடம் தருகிறது. 1590பி அழகாக, கச்சிதமாக இருக்கும். ஆனால் 9 வோல்ட் பேட்டரியையும் உள்ளே வைக்க நினைத்தால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் போராட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை மி.மீ. ஓட்டை?

பொதுவாகச் சரியாக வரும் அளவுகள் இவை:

ஃபுட்ஸ்விட்ச்: 12 மி.மீ. பெயின்ட் அடித்த பெட்டி என்றால் 12.5.
6.35 மி.மீ. கிட்டார் ஜாக்: மரை சுமார் 9.5 மி.மீ. இருக்கும், 10 மி.மீ. ஓட்டை போடலாம்.
16 மி.மீ. பாட் (குமிழ் மாட்டும் பொட்டன்ஷியோமீட்டர்): மரை 7 மி.மீ.; ஓட்டை 7.5.
சிறிய டாகிள் ஸ்விட்ச்: மரை சுமார் 6 மி.மீ.; ஓட்டை 6.5.
5 மி.மீ. எல்இடி: பெசல் (எல்இடியைப் பிடிக்கும் வளையம்) இல்லாமல் 5 மி.மீ.; பெசலோடு பெரும்பாலும் 8.
வெளியே நட்டு வரும் பிளாஸ்டிக் டிசி ஜாக் (அடாப்டரைச் செருகும் இடம்): பெரும்பாலும் 12 மி.மீ.

இதை மனப்பாடம் செய்து நேராக டிரில்லை எடுக்க வேண்டாம். ஒரே பெயரில் விற்கும் டிசி ஜாக்குகளும் எல்இடி பெசல்களும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வெர்னியர் காலிப்பரால் மரையின் வெளி விட்டத்தை அளந்து, அதோடு அரை மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பாட்கள் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டு மூன்று நான்கு ஒரே வரிசையில் வருகின்றன என்றால் 8 மி.மீ. போடுவது நல்லது. ஒரு ஓட்டை கால் மி.மீ. தள்ளிப்போயிருந்தாலும் போர்டு உட்கார்ந்துவிடும். 7 மி.மீ. மரைக்கு வரும் வாஷரும் நட்டும் அந்த 8 மி.மீ. ஓட்டையைத் தாராளமாக மூடிவிடும்.

ஓட்டைகளின் இடத்தை எப்படித் தீர்மானிப்பது?

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். பாகங்கள் எல்லாம் கைக்கு வந்து சேரும் முன் இடம் குறிக்கவே குறிக்காதீர்கள். படத்தில் பார்த்த ஜாக்குக்கும் கையில் இருக்கும் ஜாக்குக்கும் நீளம் வேறாக இருக்கலாம்.

பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். நான்கு மூலைகளிலும் திருகு இறங்கும் தூண்கள் இருக்கும். மேலிருந்து பார்த்தால் அவை தெரியாது, ஆனால் மூலைக்கு நெருக்கமாக வைக்கும் எந்தப் பாகமும் அவற்றில் முட்டும். மூடியின் உள்விளிம்பும் பெட்டிக்குள் சில மி.மீ. இறங்கும். பக்கச் சுவரில் ஜாக்கின் உயரத்தைக் குறிக்கும்போது மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தால், கடைசியில் மூடி ஜாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு மூடாது.

அடுத்தது ஜாக்குகள். வழக்கப்படி, மேலிருந்து பார்க்கும்போது இன்புட் வலப்பக்கம், அவுட்புட் இடப்பக்கம். இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் சிறிய பெட்டியில் பின்பக்கங்கள் மோதும். ஒன்றைச் சற்று முன்னும் மற்றதைச் சற்றுப் பின்னும் வையுங்கள். திறந்த வகை ஜாக்கில் இன்னொரு விஷயம் உண்டு. பிளக்கைச் செருகும்போது அதன் உலோக நாக்கு வெளிப்புறமாக விரியும். பிளக் இல்லாமல் அளந்துவிட்டால் அந்த நாக்கு பிறகு போர்டையோ பாட்டின் உடலையோ தொட்டு சத்தம் நின்றுபோகும். ஆகவே பிளக்கைச் செருகிய நிலையிலேயே அளந்து பாருங்கள்.

மேல்முகத்தில், 16 மி.மீ. பாட்கள் இரண்டின் மையங்களுக்கு இடையே குறைந்தது 18 மி.மீ. தேவை. ஆனால் நீங்கள் மாட்டப்போகும் குமிழ் பெரியதாக இருந்தால் அந்தக் கணக்கு மாறும். குமிழ்களுக்கு இடையே விரல் நுழைய வேண்டுமே! ஃபுட்ஸ்விட்சுக்கும் அருகிலிருக்கும் குமிழுக்கும் நடுவே ஷூ போட்ட கால் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேடையில் இருட்டில் மிதிக்கும்போது வால்யூம் குமிழ் திரும்பிவிட்டால் அந்தப் பெடலை யாரும் இரண்டாம் முறை எடுக்க மாட்டார்கள்.

டெம்ப்ளேட்டை அச்செடுத்து ஒட்டினால் போதுமா?

டெம்ப்ளேட் என்பது ஓட்டைகளின் இடத்தை முழு அளவில் காட்டும் படம். அதை ஒட்டினால் போதும், நல்ல வழியும்கூட. இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். முதலாவது, அச்சு அளவு. "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வை அணைத்து, சரியாக 100 சதவீதத்தில் அச்செடுங்கள். அச்சில் இருக்கும் ஒரு நீளக் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த பிறகே கத்தரியுங்கள். 97 சதவீதத்தில் அச்சாகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, 100 மி.மீ. தூரத்தில் 3 மி.மீ. பிசகு வந்திருக்கும்.

இரண்டாவது, இடம் வலம். சில படங்கள் பெட்டியின் வெளியிலிருந்து பார்ப்பது போல வரையப்பட்டிருக்கும், சில உள்ளிருந்து. போர்டின் படத்தை அப்படியே பெட்டியின் மேல்முகத்தில் ஒட்டினால் எல்லாம் தலைகீழ்ப் பிம்பமாகப் போய்விடும். பாகங்கள் சமச்சீராக இருக்கும் பெடலில் இது தெரியாமலேயே தப்பிவிடும், இல்லாத பெடலில் பெட்டியே போச்சு. சந்தேகம் இருந்தால் போர்டையும் காகிதத்தையும் சேர்த்துப் பெட்டிமேல் வைத்து, எந்தப் பாட் எந்தப் பக்கம் வருகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

காகிதத்தை ஒட்டும் முன் பெட்டியில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, அதன்மேல் ஒட்டுங்கள். உரிப்பது எளிது, பவுடர் கோட்டிங் உள்ள பெட்டியில் கீறலும் விழாது.

சென்டர் பஞ்ச் அடித்தே ஆக வேண்டுமா?

ஆம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சுழலும் டிரில் பிட்டின் முனை வழுவழுப்பான உலோகத்தில் பட்டதும் நகரத்தான் பார்க்கும். அலுமினியம் மென்மையானது என்பதால் ஓர் ஓரமாகக் கடித்துக்கொண்டு இன்னும் நன்றாகவே நகரும். பஞ்சால் போட்ட சின்னக் குழி பிட்டை அங்கேயே பிடித்து நிறுத்தும்.

பஞ்சை முதலில் சாய்த்துப் பிடித்து முனையைக் குறுக்குக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வையுங்கள், பிறகு நேராக நிமிர்த்தி, சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. காகிதத்தை விலக்கிக் குழி சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சரி என்றால் இன்னொரு அடி, இம்முறை கொஞ்சம் பலமாக. தள்ளிப்போயிருந்தால் பஞ்சைச் சாய்த்து வைத்து, சரியான பக்கம் நோக்கித் தட்டிக் குழியை நகர்த்தலாம். இந்தக் கட்டத்தில் திருத்தம் சுலபம். அடிக்கும்போது பெட்டிக்குள் அளவான மரக்கட்டை ஒன்று இருக்கட்டும், இல்லையென்றால் அடி முழுவதையும் பெட்டியின் சுவரே வாங்கும். சுத்தியல் தேவைப்படாத ஸ்பிரிங் பஞ்ச் கிடைக்கும். பெடல் செய்வது தொடரும் என்றால் அது நல்ல முதலீடு.

ஸ்டெப் பிட் வாங்கலாமா, சாதாரண பிட் போதுமா?

இரண்டும் வேண்டும். எல்லா ஓட்டைகளையும் முதலில் 3 மி.மீ. சாதாரண பிட்டால் போடுங்கள். பிறகு பெரிதாக்க ஸ்டெப் பிட்.

காரணம் இதுதான். சாதாரண பிட்டுக்கு வெட்டும் உதடுகள் இரண்டே. மெல்லிய சுவரில் பெரிய பிட்டை இறக்கினால், அதன் கூர்முனை மறுபக்கம் வெளியே போன பின்னும் உதடுகள் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கும். முனைக்குப் பிடிமானம் போய்விடுவதால் பிட் அலைபாயும், ஓட்டை வட்டமாக இல்லாமல் முக்கோணச் சாயலில் வரும். மறுபக்கம் வெளிவரும் நொடியில் வெடுக்கென்று கடித்துக்கொள்ளவும் செய்யும். படிப்படியாகப் பெருக்கும் ஸ்டெப் பிட்டில் ஒவ்வொரு படியும் முந்தைய வட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குவதால் ஓட்டை அழகான வட்டமாக வரும்.

வாங்கும்போது படிகளின் அளவைப் பாருங்கள். 2 மி.மீ. தாவும் பிட்டில் 7.5 கிடைக்காது, 8 வரை போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு படியின் உயரமும் பெட்டிச் சுவரின் தடிமனைவிட அதிகமாக இருக்க வேண்டும். நிறுத்த வேண்டிய படிக்கு மேல் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். சுழலும்போது அது ஒரு பட்டையாகத் தெளிவாகத் தெரியும். ஒரு படி கூடுதலாக இறங்கிவிட்ட பிறகு வருந்திப் பயனில்லை.

3 மி.மீ. துளைகளோடு ஒருமுறை நிறுத்தச் சொல்கிறார்களே, ஏன்?

இன்னும் எதையும் காப்பாற்றக்கூடிய கடைசிக் கட்டம் அது என்பதால். எல்லாத் துளைகளையும் போட்டபின் காகிதத்தைத் திரும்ப மேலே வைத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். ஒன்று அரை மி.மீ. தள்ளியிருந்தால் மெல்லிய வட்ட அரத்தால் தேவையான பக்கம் கொஞ்சம் ராவுங்கள். அடுத்து வரும் ஸ்டெப் பிட் அந்தப் பக்கம் சாய்ந்து இறங்கும்.

கை டிரில் போதுமா? பெட்டியை எப்படிப் பிடிப்பது?

கை டிரில் தாராளமாகப் போதும். டிரில் பிரஸ் இருந்தால் துளை செங்குத்தாக வரும், கை வலிக்காது, அவ்வளவே. எதுவாக இருந்தாலும் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் துளைக்காதீர்கள். 12 மி.மீ. பிட் கடித்துக்கொண்டால் பெட்டியே பிட்டோடு சேர்ந்து சுற்றும், அதன் விளிம்புகள் கத்திபோல் வெட்டும். வைஸில் மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து இறுக்குங்கள், அல்லது மேசையோடு கிளாம்ப் போடுங்கள்.

வைஸில் வைக்கும்போது பலரும் குழம்பும் ஒன்று உண்டு. பெட்டி நேராக நிற்காது. அச்சிலிருந்து வார்ப்பு எளிதாகக் கழன்று வருவதற்காகப் பக்கச் சுவர்களைக் கொஞ்சம் சரிவாகவே செய்திருப்பார்கள். குறை பெட்டியில் இல்லை. ஜாக் துளைகளைப் போடும்போது அந்தச் சுவருக்கு டிரில் செங்குத்தாக இருக்க வேண்டும், மேசைக்கு அல்ல. சரிவை ஈடுகட்ட மெல்லிய மரச்சீவல் ஒன்றை அடியில் சொருகினால் சரியாகிவிடும். அளவுகளையும் மேல்முகத்தின் விளிம்பிலிருந்தே எடுங்கள். இருபக்கமும் ஒரே உயரத்தில் வரும்.

எவ்வளவு வேகம்? எண்ணெய் விட வேண்டுமா?

சிறிய பிட்டுக்கு அதிக வேகம், பெரிய பிட்டுக்குக் குறைந்த வேகம். கை டிரில்லில் 3 மி.மீ. பிட்டை ஏறக்குறைய முழு வேகத்தில் ஓட்டலாம். 12 மி.மீ. படிக்கு வரும்போது நிமிடத்துக்கு 500 முதல் 800 சுற்று போதும். அலுமினியம் இதைவிட வேகத்தையும் தாங்கும்தான். கையில் பிடித்து வேலை செய்யும்போது கட்டுப்பாடு முக்கியம்.

அலுமினியத்தின் கெட்ட பழக்கம், சூடேறினால் பிட்டின் உதட்டில் அப்பிக்கொள்வது. அப்பிய பிட் வெட்டாது, தேய்க்கும். இன்னும் சூடாகும், இன்னும் அப்பும். ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயோ டபிள்யூடி-40-யோ கட்டிங் ஆயிலோ விட்டால் தீர்ந்தது. பளபளப்பான சுருள்கள் சீராக வெளியே வந்துகொண்டிருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது. கீச்சென்று கத்தினாலோ பொடியாக உதிர்ந்தாலோ பிட் மழுங்கியிருக்கிறது. நிறுத்திவிட்டு மாற்றுங்கள், கூடுதலாக அழுத்துவது தீர்வாகாது. துளை மறுபக்கம் திறக்கப்போகும்போது சத்தம் மாறுவதைக் காதே சொல்லிவிடும். அந்த நொடியில் அழுத்தத்தைத் தளர்த்துங்கள்.

கையுறை போட்டுக்கொள்ளலாமா?

டிரில் சுழலும்போது வேண்டாம். துணியைப் பிட் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். தொங்கும் சட்டைக் கை, கழுத்துக் கயிறு, விரித்த கூந்தல் எதற்கும் இதே விதிதான். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சுருள்களை விரலால் தள்ளாமல் பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

பிசிறை எப்படி எடுப்பது?

ஸ்டெப் பிட் வைத்திருந்தால் அடுத்த படியை ஒரு நொடி மட்டும் தொடவிடுங்கள், வெளி விளிம்பு மழுங்கிவிடும். உள்பக்கம், துளையைவிடப் பெரிய பிட் ஒன்றைக் கையில் பிடித்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினாலே போதும். பிசிறு எடுக்கும் கருவி இருந்தால் வேலை இன்னும் சுத்தம். உள்ளே பிசிறு இருந்தால் வாஷர் சமமாக உட்காராது, ஒயரின் உறையையும் மெல்ல அறுத்துவிடும்.

பாட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன நாக்கை என்ன செய்வது?

பாட் திரும்பாமல் நிற்க வைப்பதற்கான நாக்கு அது. அதற்கென்று சின்னத் துளை போடலாம்; பெரும்பாலானோர் பிளையரால் ஒடித்துவிடுவார்கள். நட்டை நன்றாக இறுக்கினால் ஒடிப்பதில் பாதகமில்லை.

பெயின்டுக்கு முன்பா, பின்பா?

வெறும் அலுமினியம் வாங்கியிருந்தால் முதலில் துளை, பிறகு உப்புத்தாள், ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை நீக்கம், பிரைமர், பெயின்ட். பெயின்ட் துளைக்குள்ளும் படிந்து விட்டத்தைக் குறைக்கும் என்பதால் முதலிலேயே சற்றுத் தளர்வாகப் போடுங்கள். பவுடர் கோட்டிங்கோடு வாங்கியிருந்தால் டேப் ஒட்டி, கூர்மையான பிட்டால் துளைத்தால் விளிம்பு உரியாது.

டிசி ஜாக் ஏன் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்கிறார்கள்?

ஓட்டை போடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது. பெடல்களில் வழக்கமான 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை மைனஸ், வெளிச்சுற்று பிளஸ். உலோக உடல் கொண்ட டிசி ஜாக்கை மாட்டினால் அந்த பிளஸ் நேராகப் பெட்டியைத் தொடும். பெட்டியோ கிட்டார் ஜாக்கின் ஸ்லீவ் (பிளக்கின் வெளி உலோகத்தைத் தொடும் பகுதி) வழியாக மைனஸோடு, அதாவது கிரவுண்டோடு, ஏற்கெனவே இணைந்திருக்கிறது. அடாப்டரைச் செருகிய உடனே ஷார்ட் சர்க்யூட். பிளாஸ்டிக் உடல் இதைத் தடுக்கிறது. எனவே துளை அளவையும் பிளாஸ்டிக் ஜாக்குக்கே திட்டமிடுங்கள்.

பெட்டி கிரவுண்டாக இருந்தால்தான் இரைச்சலைத் தடுக்கும். உடல் முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன கிட்டார் ஜாக்குகளைப் பயன்படுத்தினால் அந்த இணைப்பு தானாக வராது. தனி ஒயர் ஒன்று வேண்டும். உலோக ஜாக் என்றால், உள்பக்கம் பெயின்ட் இருக்கும் பெட்டியில் ஜாக் உட்காரும் இடத்தை மட்டும் சுரண்டி, பல்வாஷர் போட்டு இறுக்குங்கள். மல்டிமீட்டரில் ஜாக்கின் ஸ்லீவுக்கும் பெட்டிக்கும் இடையே தொடர்பு ஒலி வர வேண்டும்.

சதுர ஓட்டை வேண்டுமே?

ஸ்லைடு ஸ்விட்சுக்கு இது தேவைப்படும். கோட்டுக்குள் வரிசையாகச் சிறு துளைகள், நடுவில் இருப்பதை வெட்டி எடுப்பது, பிறகு தட்டை அரத்தால் கோடு வரை ராவுவது. குறுக்குவழி கிடையாது. அரத்தின் பற்களில் அலுமினியம் அடைத்துக்கொள்ளும், சாக்பொடி தேய்த்துக்கொண்டால் குறையும். என்னைக் கேட்டால் அதே வேலையைச் செய்யும் டாகிள் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி வட்ட ஓட்டையோடு முடித்துவிடச் சொல்வேன்.

இடம் தவறிப் போய்விட்டது. பெட்டியைத் தூக்கிப் போடுவதா?

வேண்டாம். ஒரு மி.மீ. அளவுக்குத் தள்ளியிருந்தால் வட்ட அரத்தால் துளையை நீட்டி, பெரிய வாஷர் போட்டு மறைக்கலாம். முழுக்கத் தவறான இடத்தில் இருந்தால் அந்த ஓட்டைக்கு வேறொரு வேலை கொடுங்கள்: எல்இடி பெசல் ஒன்று, கூடுதல் டாகிள் ஸ்விட்ச் ஒன்று. மூடுவதுதான் வழி என்றால், உள்பக்கம் டேப் ஒட்டி, உலோக எபாக்ஸி பசையை நிரப்பி, இறுகியபின் உப்புத்தாளால் சமன்செய்து பெயின்ட் அடித்தால் வெளியே தெரியாது. ஃபுட்ஸ்விட்ச் பக்கத்தில் மட்டும் எபாக்ஸியை நம்ப வேண்டாம், அங்கே காலின் முழு எடையும் விழும்.

பிஸ்கட் டின், மிட்டாய் டின் போன்ற தகரப் பெட்டிகளில் செய்யலாமா?

மேசைமேல் வைத்து விரலால் இயக்கும் பெட்டி என்றால் செய்யலாம். காலால் மிதிக்கும் பெடலுக்குத் தகரம் வளையும். துளைக்கும்போது உள்ளே மரக்கட்டையை இறுக்கமாக வைத்து, தகரத்தையும் மரத்தையும் சேர்த்தே துளையுங்கள். தகரம் எஃகு என்பதால் அலுமினியத்தைவிட மெதுவான வேகம் வேண்டும். விளிம்பு பிளேடு போல இருக்கும். பிசிறு எடுக்காமல் கையை உள்ளே விடாதீர்கள்.

துளைத்ததும் பாகங்களை மாட்டிவிடலாமா?

முதலில் பெட்டியைக் கழுவுங்கள். அலுமினியச் சுருள் மின்சாரத்தைக் கடத்தும். மூலைத் தூணின் திருகுத் துளைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு துணுக்கு, சில வாரம் கழித்துப் போர்டின் மேல் விழுந்து இரண்டு சாலிடர் புள்ளிகளை இணைத்துவிட முடியும். எண்ணெய் போக சோப்புத் தண்ணீர், பழைய பல்துலக்கி, அப்புறம் நன்றாக உலர வைப்பது. திருகுத் துளைகளுக்குள் ஒருமுறை காற்றடித்துவிடுங்கள்.

உலர்ந்ததும், ஒயர் எதுவும் சாலிடர் செய்யாமல் எல்லாப் பாகங்களையும் வெறுமனே மாட்டிப் பாருங்கள். இரண்டு ஜாக்குகளிலும் பிளக்கைச் செருகி, குமிழ்களைப் போட்டு, மூடியைத் திருகி மூடுங்கள். எங்கேயாவது உரசினால் அரத்தை எடுத்துச் சரிசெய்யலாம், ஆனால் ராவிய பிறகு மறுபடி கழுவிவிட்டே போர்டை உள்ளே வையுங்கள்.